மிஸ் ஓர்லீனா துப்பாக்கி வாங்கியது

மிஸ் ஓர்லீனா வீட்டு முன்வாசல் கதவைத் தட்டுகிறவர்கள் யார் என்றால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள், காப்பீடு விற்க வருகிறவர்கள், அப்புறம் அவர் பெற்ற மகள் டான்யா. மற்ற எல்லோரும் பின்பக்கம் சுற்றிப் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே நுழைவோம். எங்கள் மலையூரான சவர்வுட் ஃபோர்க்கில் சமையலறைக் கதவைத் தட்டினால் வீட்டுக்காரிக்கு மனசு கெட்டுவிடும். "நான் என்ன உனக்கு வேத்தாளா?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வாள். டான்யாவும் அந்தக் கதவை அடித்துச் சாத்தி வளர்ந்தவள்தான். லெக்சிங்டன் நகரத்துக்குப் போய் வங்கி வேலை, கத்தரித்த புல்வெளி என்று ஆன பிறகு, பெற்ற தாய் வீட்டில் மணியை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள்.

நான் லவேடா. இந்த ஊரில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் மிஸ் ஓர்லீனாவுக்குத் தலை அலசி, சுருள் வைத்து விடுகிறவள். எனவே இதில் ஊர்ப்பேச்சு எது, நடந்தது எது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் மிஸ் ஓர்லீனாதான் சமையல்காரி; கல்யாணமானவரையும் 'மிஸ்' என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. இந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு ஒவ்வொன்றும் அவர் கை ரொட்டியிலும் பீன்ஸிலும் வளர்ந்தது. புருஷன் ஹோபர்ட் நிலக்கரித் தூசியில் நுரையீரல் போய்ச் செத்தார். அதற்கப்புறம் ஓடைக்கரை வீட்டில் தனியாள். தனியாள் என்று பேர்தானே ஒழிய, அடுப்பில் காப்பி இருக்கும், மேசையில் யாராவது இருப்பார்கள். என்னோடு படித்த பர்ச்செல் நோபிள் காலைக் காப்பியைத் தன் வீட்டில் குடித்ததே இல்லை. தபால்காரி அங்கேதான் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவாள். அவர் பலகாரம் கொடுத்தனுப்பிய தட்டைத் திருப்பித் தரப் போன நான், எத்தனையோ தடவை சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில், ஓடைக்கு மேலே இருந்த ஒரு பெரியவர் வீட்டில் பட்டப்பகலில் யாரோ புகுந்து, போதைக்காக அவருடைய வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, அவர் விலா எலும்பையும் முறித்துவிட்டுப் போனார்கள். அந்த மாத்திரைக்காக இந்த மலையில் பெற்ற தாயையே உதைத்தவர்கள் உண்டு. மிஸ் ஓர்லீனாவுக்கும் முட்டி அறுவை சிகிச்சையில் கொடுத்த மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தது. ஊருக்கே தெரியும்.

சேதி கேட்டு டான்யா அம்மாவுக்குப் போன் பண்ணினாள். அந்த வெள்ளிக்கிழமை மிஸ் ஓர்லீனா என் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணு, துப்பாக்கி வாங்கணுமாம். இல்லன்னா வீட்ட வித்துட்டு அவகூடப் போய் இருக்கணுமாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடுத்திருக்கா."

"போய் இருந்தாத்தான் என்ன? பொண்ணு வீடுதானே?"

"அங்க அவங்க தெருவுல பக்கத்து வீட்டுக்காரன் பேரு அவளுக்கே தெரியாது, கண்ணு. நாலு வருசமா குடியிருக்கா. நான் அங்க போனா ஜன்னல் ஓரம் ஒரு பூந்தொட்டி, அவ்வளவுதான். தண்ணி ஊத்துவாங்க, நான் இல்லேங்கல."

தலை அலசிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவர் போய்விட்டால் அந்த மேசை போய்விடும். "நாளைக்கே கடைக்குப் போவோம்" என்றேன்.

எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் துப்பாக்கி உண்டு. ஹோபர்ட்டின் வேட்டைத் துப்பாக்கியைச் சாவுக்குப் பிறகு அவர் அண்ணன் மகன் கொண்டுபோய்விட்டான். மிஸ் ஓர்லீனா மட்டும் வாழ்நாளில் எதையும் சுட்டதில்லை. "அடுப்புல சுட்டதே போதும்" என்பார்.

கார்லண்ட் கடையில் ஒரு பக்கம் தூண்டிலும் புழுவும், எதிர்ப்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள். நாங்கள் நுழைந்ததுமே அவன் ரோஜா நிறப் பிடி வைத்த ஒன்றை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டி, மேசையில் வைத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி.

"உங்களுக்குன்னே செஞ்சது, மிஸ் ஓர்லீனா. பொம்பளைங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்க. சின்னது, லேசு, கைப்பையில போட்டுக்கலாம்."

"கைப்பையில என் மூக்குக் கண்ணாடியவே என்னால கண்டுபிடிக்க முடியல. திருடன் வந்தா 'கொஞ்சம் உக்காருப்பா'ன்னு சொல்லிட்டுத் துழாவவா?"

கார்லண்ட் சிரித்துச் சமாளித்தான். அவர் விடவில்லை. "உன் பொண்டாட்டி இதத்தான் வச்சிருக்காளா?"

"அவ... வேற வச்சிருக்கா."

"அப்ப இத எனக்கு எதுக்குடா காட்டுற? சட்டி வாங்குனாக்கூட நான் தூக்கிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். இத ஒருதரம் சுட்டுப் பாக்கலாமா?"

"சுட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா, நான் கடையச் சாத்திட்டுப் புழு தோண்டப் போக வேண்டியதுதான்."

வெறுங்கையோடு திரும்பினோம். சேதி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபைச் சாப்பாடும் முடிந்ததும், பர்ச்செல் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களிமண் மேட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டான். நிலக்கரி லாரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருக்கிறான். நல்லவன்தான், வாய்தான் ஊர் முழுக்க. போய்ப் பார்த்தால், சபை விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது போல ஆளுக்கொரு துப்பாக்கி கொண்டுவந்திருந்தார்கள். வண்டிகளின் பின்பலகையை இறக்கி, துண்டு விரித்து, வரிசையாக வைத்திருந்தது. அவரவர் உருளைக்கிழங்கு சாலட்டைப் புகழ்வது போல அவரவர் துப்பாக்கியைப் புகழ்ந்தார்கள். பக்கத்துக்காரனுடையதை மட்டமாகப் பேசவும் தவறவில்லை.

மிஸ் ஓர்லீனா ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ரோஜா நிறக் குட்டியைப் போலவே ஒன்று அங்கே இருந்தது. முதல் வெடியிலேயே அது கையில் எகிறி, கட்டைவிரல் இடுக்கில் தோலைப் பிய்த்துவிட்டது. லேசான துப்பாக்கி உதைக்கிற உதையைக் கைதான் தாங்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அடுத்தது, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துக் குண்டு ஏற்ற வேண்டிய வகை. அவருக்கு விரல் மூட்டெல்லாம் வாதம். இழுத்துப் பார்த்தார், முகம் சிவந்தது, வரவில்லை. "ஊறுகாய் பாட்டில் மூடியே தொறக்க மாட்டேங்குது, இதா வரப்போகுது" என்று வைத்துவிட்டார். ஒருவன் காட்டெருமையை வீழ்த்துகிற மாதிரி ஒன்றை நீட்டினான். "உன் பொண்டாட்டி உன்னை விட்டுப் போனது ஏன்னு இப்பப் புரியுது" என்று சொன்ன மிஸ் ஓர்லீனா அதைத் தொடவே இல்லை.

கடைசியில் பர்ச்செல் தன் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கும் பழைய ரிவால்வரைக் கொடுத்தான். முழுக்க எஃகு. நீளக் குழல், நல்ல கனம். உதை குறைந்த குண்டுகளாகப் போட்டான்.

"எப்பவும் உள்ள குண்டு இருக்குன்னே நெனைச்சுக்கங்க. சுடப்போற நிமிசம் வரைக்கும் விரல் விசை மேல போகக்கூடாது. மெதுவா அழுத்துங்க."

அவர் இரண்டு கையாலும் பிடித்தார். வெடித்தது. கை பெரிதாக ஆடவில்லை. "கனமான சட்டிதான்டா அடுப்புல நிக்கும்" என்றார். வார்ப்பிரும்புச் சட்டி தூக்கித் தூக்கி உரமேறிய முன்கை அவருக்கு. அடுத்தடுத்துச் சுட்டார். பலகையில் ஆணி அடித்து வைத்த காகிதத் தட்டைப் போய்ப் பார்த்தால், ஓட்டையெல்லாம் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் இருந்தது. கூட்டம் ஊளையிட்டது. அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. சின்னப் பெண் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் பர்ச்செல் அந்த வார்த்தையைச் சொன்னான். "முக்கியமான விசயம், மிஸ் ஓர்லீனா. கதவு தொறந்தா, யாருன்னு தெரியாம சுடக்கூடாது. மொதல்ல பேரக் கேளுங்க."

"என் வீட்டுக்குள்ள வர்ற எவன்டா இதுவரைக்கும் பேரச் சொல்லிட்டு வந்திருக்கான்?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்ற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. ஆளுக்கு ஆள் அந்தத் தட்டை மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அதே மாதிரி ரிவால்வர் ஒன்றைக் கார்லண்ட் கடையில் வாங்கினார். அவர் மேல் குற்றப் பதிவு எதுவும் இல்லையென்று அரசாங்கம் சரிபார்த்ததும் கையில் வந்தது. பூட்டுப்பெட்டி ஒன்றும் வாங்கிப் படுக்கையறையில் வைக்கச் சொன்னான் கார்லண்ட். "நான் நாள் முழுக்க இருக்கிறது சமையலறை. படுக்கையறைல என்னத்தக் காவல் காக்குறது?" என்று மறுத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில் கைத்துண்டுகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகத் திறந்து காட்டவும் செய்தார். பர்ச்செல் தன் பங்குக்கு அந்தக் காகிதத் தட்டைப் பெட்ரோல் பங்க்கில் காப்பி விற்கிற இடத்துச் சுவரில் ஒட்டினான். அடியில் அவர் பேரை எழுதி, 'எச்சரிக்கை' என்று தலைப்பும் போட்டான். லெக்சிங்டனுக்கும் படம் போனது. டான்யாவுக்குத் திருப்தி. வீடு தப்பித்தது என்று நான் நினைத்தேன்.

அந்த வாரமே பர்ச்செல் காலைக் காப்பிக்குப் போனபோது, வண்டியை முற்றத்தில் நிறுத்தி ஹாரன் அடித்தான். வேடிக்கைக்காக. அவர் கதவைத் திறந்து, "என்னடா, ராஜா பல்லக்குல வந்து எறங்குறாரா?" என்றார். மறுநாளும் அடித்தான். அதற்கப்புறம் தபால்காரி அடித்தாள். பின்னே எல்லோரும். யார் சொல்லியும் இல்லை. பிஸ்கட் அகலத்துக்குள் சுடுகிற கை அடுப்பங்கரையில் நிற்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இழுப்பறை. கதவைப் படாரென்று திறக்க யாருக்கும் கால் வரவில்லை. ஹாரன் அடித்தால் அவர் எழுந்து வந்து திறக்க வேண்டும். முட்டி வலிக்காரரை எழுப்புவானேன் என்று சிலர் போனில் கேட்டுவிட்டு வந்தார்கள். போன் பண்ணி வருவது விருந்தாளி வருவது போல. கையை வீசிக்கொண்டு விருந்தாளியாகப் போக முடியுமா? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டவர்கள் போகாமலே விட்டார்கள்.

நவம்பர் கடைசியில் வருகிற நன்றி சொல்லும் பண்டிகை முடிந்த வெள்ளிக்கிழமை, மிஸ் ஓர்லீனா முடி உலர்த்தும் மூடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று சொன்னார்: "ரொட்டியப் பாதி நாய்க்குப் போடுறேன், லவேடா."

"ஏன், சரியா உப்பலையா?"

"உப்பாம என்ன. தின்ன ஆளில்ல. துப்பாக்கி நல்லா வேலை செய்யுது, கண்ணு. திருடனும் வரல, மனுசனும் வரல."

எனக்குக் கோபம் வந்தது, ஊர் மேல். "நான் பர்ச்செல்கிட்டப் பேசுறேன்" என்றேன். "வேணாம். வாங்கன்னு கெஞ்சிக் கூப்பிட்டு வர்றது ஒரு வரத்தா?" என்று மூடியைத் தலைமேல் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, கடையில் நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது. பர்ச்செல். கிசுகிசுப்பாகப் பேசினான்.

"லவேடா, மிஸ் ஓர்லீனா வீட்டு முற்றத்துல இருக்கேன். ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன், கதவு தொறக்கல. இப்ப உள்ள வெடிக்குது!"

"என்ன வெடிக்குது?"

"சுடுறாங்க! நான் வண்டிக்குப் பின்னால குத்தவச்சிருக்கேன். இரு... இதோ, கேட்டியா?"

கேட்டது. டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங்.

"அடப் பாவி, அது துப்பாக்கியில்லடா! இரும்பு மூடி! சட்டி மூடியத் தரையில தட்டுறாங்க! பள்ளிக்கூடத்துல சோத்துக்குக் கூப்பிட அப்படித்தானே தட்டுவாங்க? ஓடுடா உள்ள!"

"நிஜமாவா?"

"நீ சாப்பிட்ட சோறுடா அது! போ!"

போனைச் சட்டைப் பையில் அப்படியே போட்டுக்கொண்டு ஓடினான் போல. அவன் மூச்சு இரைப்பது கேட்டது. படியேறும் சத்தம். கதவு கிறீச்சிட்டது. "மிஸ் ஓர்லீனா! நான்தான், பர்ச்செல்! கையத் தூக்கிட்டு வர்றேன், சுட்டுடாதீங்க!"

தரையிலிருந்து வருகிற மாதிரி, நூலாக ஒரு குரல். "சுடணும்னா எந்திரிக்கணும்ல, மடையா. உள்ள வா."

அப்புறம் பர்ச்செல் அழுகிற சத்தம். அவன் அப்பன் செத்தபோது அழாதவன்.

அலமாரி மேலிருந்த பெரிய வறுசட்டியை எடுக்க நாற்காலியில் ஏறியிருக்கிறார். விழுந்ததில் இடுப்பெலும்பு போய்விட்டது. கத்த மூச்சு வரவில்லை; கூடவே விழுந்த சட்டி மூடிதான் கைக்கு எட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஹாரனும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை வருசமும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் வெளியே நின்று ஹாரன் அடிக்கிறான், இவர் உள்ளே தரையில் கிடக்கிறார். துப்பாக்கி தலைக்கு மேலே இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டான்யா முடிவாகச் சொன்னாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். "போதும்மா. கால் தேறினதும் என்கூட வந்துடணும். துப்பாக்கி வந்து உன்னைத் தூக்கிவிடாது."

"அத வாங்கச் சொன்னதே நீதானே?"

"தப்புதான். அங்க தனியா எப்படி இருப்பே? யாரு வருவா?"

மிஸ் ஓர்லீனா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பேச்சுக்குப் பேச்சு கொடுக்காமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வர, வெளியே போய்விட்டேன்.

கால் தேறி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் வீடு திரும்பினபோது பனி உருகத் தொடங்கியிருந்தது. சாமான் கட்ட டான்யா கூடவே வந்து தங்கினாள். வந்ததும் முதல் வேலையாக, கார்லண்டிடம் சொல்லி ஒரு பூட்டுப்பெட்டியைப் படுக்கையறைச் சுவரில் திருகி வைத்தார் மிஸ் ஓர்லீனா. ரிவால்வரை அதற்குள் பூட்டினார். மிச்சமிருந்த மாத்திரைகளை ஷெரிஃப் போலீஸ் அலுவலகத்தில் வேண்டாத மருந்து சேகரிக்கிற பெட்டியில் போட என்னிடம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில், வாக்கரைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றார்.

"கர்த்தர் எனக்குப் புது இடுப்பு குடுத்தாரு. நன்றி. இப்ப ஒரு அறிவிப்பு. என் துப்பாக்கி படுக்கையறைல பெட்டிக்குள்ள இருக்கு. சாவி என் கழுத்துல. இந்த வாக்கரத் தள்ளிக்கிட்டு நான் அங்க போய், பூட்டத் தொறந்து, குண்டு போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு சட்டி பீன்ஸே வெந்துடும். அது வரைக்கும் நின்னு காத்திருக்கிற திருடன்தான் எங்கிட்டச் சாவான். மத்தவங்க எப்பவும் வர்ற மாதிரி வாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இனிமே என் முற்றத்துல எவனாச்சும் ஹாரன் அடிச்சா, அந்த ஹாரனச் சுடுவேன். நான் எப்படிச் சுடுவேன்னு பெட்ரோல் பங்க்குல ஒட்டியிருக்கு, போய்ப் பாத்துக்கங்க."

போதகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பர்ச்செல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை டான்யா இரவு உடுப்போடு சமையலறையில் பீங்கானைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாளாம். கதவு படாரென்று திறந்தது. அவள் வீறிட்டாள். பர்ச்செல் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், சுற்றி வைத்த கோப்பை ஒன்றைப் பிரித்து எடுத்து, காப்பி ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பியா இது? ஓடைத் தண்ணியா?" என்றான். அவன் போகுமுன் தபால்காரி. அவள் செருப்பைக் கழற்றுமுன் நான், பலகாரத் தட்டோடு. மத்தியானம் யாரோ ஒருவன் வந்து யாரிடமும் கேட்காமல் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்திவிட்டுப் போனான். காகிதக்காடு சுற்றிக் கிடக்க, டான்யா நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம், சுற்றின பீங்கானை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். நானும் கூட அடுக்கினேன்.

அந்த வாரக் கடைசியில் தன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியே கிளம்பினாள். வண்டி ஓடைப் பாலம் தாண்டும் சத்தம் கேட்டது. மிஸ் ஓர்லீனா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, வேலையே இல்லாமல் ஒரு சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுகிறார் என்று தெரிந்தும், தெரியாத மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் கதவு படாரென்று திறந்து சாத்திக்கொண்டது.

"டேய் பர்ச்செல், காப்பி தீந்துபோச்சு" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

"நான்தாம்மா. ரொட்டி கட்டிக் குடுத்தியே, மறந்துட்டேன்."